பேராமாரா முதல் மன்னார் வரை

கொல்கத்தாவின் டோலிகஞ்சில், கால்ஃப் கிளப் சாலையில் இருக்கிறது கிழக்கு மண்டல மின்பளு அனுப்பு மையம். நாங்கள் அதை ‘லோடு டெஸ்பாட்ச்’ என்றுதான் சொல்வோம். என் பணிக்காலத்தின் பெரும்பகுதி அந்தக் கட்டுப்பாட்டு அறையில் கழிந்தது. நாங்கள் மின்சாரம் உற்பத்தி செய்வதில்லை, விற்பதுமில்லை, ஒரு கோபுரம்கூட எங்களுக்குச் சொந்தமில்லை. எந்த நிலையம் எவ்வளவு தருகிறது, எந்தத் தொடரில் எவ்வளவு பாய்கிறது, எந்த மாநிலம் தன் பங்குக்கு மேல் இழுக்கிறது என்று இரவும் பகலும் பார்த்துக்கொண்டு, தருவதும் எடுப்பதும் நொடிதோறும் சமமாக இருக்கும்படி காப்பது எங்கள் வேலை.

பீகார், ஜார்க்கண்ட், ஒடிசா, மேற்கு வங்காளம், சிக்கிம் ஆகிய ஐந்தும், தாமோதர் பள்ளத்தாக்குக் கழகமும் எங்கள் மண்டலம். ஆனால் எங்கள் திரையில் இருந்த கோடுகள் அந்த மாநிலங்களோடு நிற்கவில்லை. வடக்கே பூடானுக்கும் நேபாளத்துக்கும் போயின. கிழக்கே வங்கதேசத்துக்குப் போயின. இந்தியா தெற்காசியாவின் மின்சார மையம் என்று இன்று மேடைகளில் பேசுகிறார்கள். அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்பதை இந்தக் கோடுகளின் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்தவன் என்ற முறையில் எழுத வேண்டும் என்று வெகுநாளாக எண்ணியிருந்தேன்.

நிலப்படத்தை எடுத்துப் பாருங்கள். நேபாளமும் வங்கதேசமும் ஒன்றையொன்று தொடுவதில்லை. பூடானும் வங்கதேசமும் தொடுவதில்லை. நேபாளத்துக்கும் பூடானுக்கும் இடையே சிக்கிம். சிலிகுரியின் அருகே சுமார் இருபது கிலோமீட்டர் அகலமே உள்ள ஒரு நிலத்துண்டு இவர்களைப் பிரித்து வைத்திருக்கிறது. இமயத்தில் விழுகிற தண்ணீரின் மின்சாரம் டாக்காவுக்குப் போக வேண்டுமானால் இந்தியாவின் கம்பி வழியாகத்தான் போக வேண்டும். ஆக, நடுவில் இருக்கும் இடம் நமக்குப் புவியியல் தந்தது. அதற்காக நாம் எதுவும் செய்யவில்லை. அந்த இடத்தில் இருந்துகொண்டு சுற்றியிருப்பவர்களிடம் எப்படி நடந்துகொள்கிறோம் என்பதில்தான் மையமா, வெறும் வழிமறிப்பா என்பது தெரியும்.

அலைவெண் என்ற ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. ஒரே தொகுப்பில் இணைந்த எல்லா மின்னாக்கிகளும் ஒரே தாளத்தில் சுழல்கின்றன: நொடிக்கு 50 சுற்று அலை. தேர் வடத்தை நூறு பேர் பிடித்திருக்கும்போது ஒருவர் கை தளர்ந்தால் அந்தச் சுமை மற்றவர் கைகளில் உடனே ஏறும், தேர் சற்றே மெதுவாகும். மின்தொகுப்பும் அப்படித்தான். ஒரு நிலையம் நின்றால் அதன் சுமை மற்ற எல்லாவற்றின் மேலும் அந்தக் கணமே ஏறுகிறது; அலைவெண் இறங்குகிறது. இந்தியாவின் வரம்பு இப்போது 49.90 முதல் 50.05 வரை. வடம் பிடிப்பவர் எண்ணிக்கை கூடக் கூட ஒருவர் விழுந்தாலும் ஆட்டம் தெரியாது. எண்ணிக்கை குறைவாக இருந்தால் ஒருவர் விழுந்தாலே எல்லோரும் விழ நேரும்.

பெரிய தொகுப்பும் விழும் என்பதை 2012 ஜூலை 31 அன்று கண்டோம். முந்தைய நாள் அதிகாலையில் வட மண்டலம் மட்டும் விழுந்து எழுந்திருந்தது. மறுநாள் பகல் 1 மணி அளவில் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மூன்றும் ஒருசேர விழுந்தன. சுமார் 60 கோடி மக்கள் இருட்டில். தென்னகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. காரணம், அப்போது தெற்கு மண்டலம் மற்ற மண்டலங்களோடு நேர்மின் இணைப்புகளால் மட்டுமே சேர்ந்திருந்தது. ஒடிசாவின் தால்சேரிலிருந்து கர்நாடகத்தின் கோலாருக்குப் போகும் 2,000 மெகாவாட் தொடர் அவற்றில் ஒன்று. நேர்மின் இணைப்பு தாளத்தைக் கடத்தாது. நாம் சொன்ன அளவு மின்சாரத்தை மட்டும் கடத்தும். அந்தப் பக்கத்து அதிர்ச்சி இந்தப் பக்கம் வராது. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் தொடர் இணைந்த பிறகுதான் கன்னியாகுமரியும் காஷ்மீரும் ஒரே தாளத்துக்கு வந்தன.

நேர்மின் இணைப்பு ஒரு மண்டலத்தை எப்படிக் காப்பாற்றும் என்று 2012-இல் பார்த்தேன். அதே இணைப்பு ஒரு நாட்டை எப்படி வீழ்த்தும் என்று இரண்டாண்டு கழித்துப் பார்த்தேன். அதற்குப் போகுமுன் பூடான்.

எல்லை தாண்டும் மின்சாரத்தின் அரிச்சுவடியை எனக்குச் சொல்லித் தந்தது பூடான்தான். வாங்சூ ஆற்றில் இந்தியாவின் பணத்தில், 60 விழுக்காடு மானியமாகவும் 40 விழுக்காடு கடனாகவும், கட்டப்பட்ட சுக்கா நீர்மின் நிலையம் 1986-இல் ஓடத் தொடங்கியது. மொத்தம் 336 மெகாவாட். அதே ஆற்றில் கீழே தாலா, 1,020 மெகாவாட், 2006-07-இல் வந்தது. சுக்காவின் மின்சாரம் 220 கிலோவோல்ட்டில் மேற்கு வங்காளத்தின் பீர்பாராவுக்கு இறங்கும். தாலாவினுடையது 400 கிலோவோல்ட்டில் சிலிகுரிக்கு. பூடான் எங்களோடு ஒரே தாளத்தில் சுழலும் நாடு. மின்விற்பனை அந்த நாட்டு அரசின் பெருவருவாய்.

இவை பெரிய நீர்த்தேக்கம் இல்லாத நிலையங்கள். ஆறு தருவதை அப்படியே சுழற்ற வேண்டும். மழைக்காலத்தில் முழு வீச்சில் ஓடும்; அப்போதுதான் ஆற்றில் வண்டலும் மிகும். வண்டல் அளவு எல்லை மீறினால் விசையாழியின் இரும்பையே அரித்துவிடும் என்பதால் நிலையத்தை நிறுத்தி வண்டலை அடித்துக் கழுவுவார்கள். நடு இரவில் தாலாவிலிருந்து அழைப்பு வரும். “தாதா, வண்டல் ஏறுது. இன்னும் ஒரு மணி நேரத்துல எல்லா யூனிட்டையும் இறக்கிடுவோம்.” ஆயிரம் மெகாவாட் போகப்போகிறது என்று ஒரு மணி நேரம் முன்னால் தெரிந்தால் போதும், அனல்மின் நிலையங்களை ஏற்றிச் சமன் செய்துவிடலாம். தெரியாமல் போனால் அது விபத்து. அந்த அழைப்பு ஒருபோதும் தவறியதில்லை. எந்த ஒப்பந்தத்தின் எந்தப் பிரிவையும்விட அந்தத் தொலைபேசியைத்தான் நான் நம்பினேன். குளிர்காலத்தில் ஆறு மெலிந்து பூடானே எங்களிடம் வாங்கும். மழைக்காலத்தில் விற்கும் நாடு பனிக்காலத்தில் வாங்கும் நாடாகிவிடும். இரண்டு நிலையிலும் அதே மரியாதையோடு பேச வேண்டும் என்று எங்களுக்கு மூத்தவர்கள் பழக்கியிருந்தார்கள்.

வங்கதேசத்தோடு இணைப்பு 2013 அக்டோபரில் தொடங்கியது. முர்ஷிதாபாத் மாவட்டத்தின் பஹரம்பூரிலிருந்து, எல்லை தாண்டி, குஷ்டியா மாவட்டத்தின் பேராமாராவுக்கு சுமார் நூறு கிலோமீட்டர் நீளத்தில் 400 கிலோவோல்ட் இரட்டைத் தொடர். பேராமாராவில் 500 மெகாவாட் ‘பேக்-டு-பேக்’ நேர்மின் நிலையம். ஒரே வளாகத்துக்குள் ஒரு பக்கம் தைரிஸ்டர் வால்வுகள் நம் மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கும். மறு பக்கத்து வால்வுகள் அதை மீண்டும் மாறுமின்சாரமாக்கி, வங்கதேசத்தின் தாளத்துக்கு ஏற்ப 230 கிலோவோல்ட்டில் அனுப்பும். இரண்டு நாடுகளின் தொகுப்புகளும் தனித்தனித் தாளத்தில் சுழல்கின்றன. நேரடியாகச் சேர்த்தால் இரண்டுக்கும் கேடு. அதனால் இந்த ஏற்பாடு.

இடத்தேர்வு நல்ல தேர்வு. வங்கதேசத்தின் இயற்கை எரிவாயு வயல்கள் கிழக்கே இருக்கின்றன. பத்மா ஆற்றுக்கு மேற்கே மின்சாரம் எப்போதும் பற்றாது. பேராமாரா அந்த மேற்குக் கரையில், 1915-இல் கட்டிய ஹார்டிஞ்ச் பாலத்தின் பக்கத்தில் இருக்கிறது. முதலில் பேசிய 500 மெகாவாட்டில் பாதி இந்திய மத்திய அரசின் நிலையங்களிலிருந்து நம் மாநிலங்கள் கொடுக்கும் அதே விலையில். மறுபாதி சந்தையில் வாங்கியது.

அந்த மாதங்களில் டாக்காவின் மின்பளு மையத்தில் இருந்தவர்களோடு நாங்கள் பேசப் பழகினோம். எங்கள் மையத்தில் பாதிப்பேர் வங்காளிகள். மொழி தடையே இல்லை. நான் மட்டும் என் தமிழ் வாடை வீசும் வங்காளத்தில் பேசுவேன். அவர்கள் அதைப் பொறுமையோடு கேட்பார்கள். ஒரு நாளை 15 நிமிடங்கள் கொண்ட 96 பிளாக்குகளாகப் பிரித்து, ஒவ்வொரு பிளாக்குக்கும் இத்தனை மெகாவாட் என்று முந்தைய நாளே அட்டவணை போடுவோம். தொடரைத் திறப்பதானாலும் மூடுவதானாலும் இரண்டு பக்கமும் குறியீட்டு எண் பரிமாறிக்கொண்டு, எழுதிவைத்துக்கொண்டு, திரும்பச் சொல்லிச் சரிபார்த்த பிறகே செய்வோம். கோபுரத்தில் ஒரு தொழிலாளி ஏறியிருப்பார். அவர் எந்த நாட்டுக்காரர் என்று மின்சாரம் பார்க்காது.

2014 நவம்பர் 1, சனிக்கிழமை. வங்கதேச நேரப்படி முற்பகல் 11.30-ஐ நெருங்கும் வேளை. பேராமாரா நேர்மின் நிலையம் திடீரென்று நின்றது. அப்போது அதில் சுமார் 440 மெகாவாட் பாய்ந்துகொண்டிருந்தது. இந்தியாவில் அந்நேரம் ஒரு லட்சம் மெகாவாட்டுக்கும் மேல் ஓடிக்கொண்டிருந்ததால் எங்கள் அலைவெண் ஒரு துடிப்பு ஏறி அடங்கிவிட்டது; பார்க்காமலிருந்தால் தெரிந்தே இருக்காது. ஆனால் வங்கதேசத்துக்கு அது அந்நேர மொத்த மின்சாரத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. அது ஒரே கணத்தில் இல்லாமல் போனது. அங்கே அலைவெண் சரிந்தது. குறை அலைவெண் ரிலேக்கள் ஊர்ஊராகச் சுமையைத் துண்டித்தன, போதவில்லை. தாளம் ஓர் அளவுக்கு மேல் இறங்கினால் மின்னாக்கிகள் தம்மைக் காத்துக்கொள்ளத் தாமே விலகும். ஒன்று விலக, மீதியின் மேல் சுமை கூட, அடுத்தது விலகியது. பதினைந்து கோடிக்கும் மேற்பட்ட மக்களின் நாடு முழுவதும் அணைந்தது.

நாங்கள் டாக்காவை அழைத்தோம். அந்த முனையில் இருந்தவர் பதறவில்லை. “எல்லாமே போயிடுச்சு, தாதா” என்று மட்டும் சொன்னார். என்ன உதவி வேண்டும் என்று கேட்டபோது இருவருக்குமே பதில் தெரிந்திருந்தது: எங்களால் உடனே ஒன்றும் செய்ய முடியாது. எல்லைக்கு இந்தப் பக்கம் 400 கிலோவோல்ட்டில் உயிரோடு நிற்கிறது கம்பி. அதில் வேண்டிய அளவு மின்சாரம் இருக்கிறது. ஆனால் தைரிஸ்டர் வால்வுகளால் ஆன நேர்மின் நிலையம் மறுபக்கத்தில் ஏற்கெனவே உயிருள்ள ஒரு வலை இருந்தால்தான் வேலை செய்யும். இறந்த வலையை அதனால் எழுப்ப முடியாது. அவர்கள் தங்கள் சொந்த நிலையங்களை ஒவ்வொன்றாக உயிர்ப்பித்து, சிறு சிறு தீவுகளாக எழுப்பி, தீவுகளை ஒன்றோடொன்று சேர்த்து, போதிய வலிமை வந்த பிறகே எங்களிடம் கேட்க முடிந்தது. அதற்கு அன்று இரவு வரை ஆனது. மருத்துவமனைகளும் தண்ணீர் இறைக்கும் நிலையங்களும் ஜெனரேட்டரில் ஓடின என்று செய்திகளில் கேட்டுக்கொண்டே, நூறு கிலோமீட்டர் தூரத்தில் மின்சாரத்தை வைத்துக்கொண்டு கைகட்டி உட்கார்ந்திருந்தோம்.

என் தொழில்வாழ்வின் கருத்துகளைத் திருத்தி எழுதிய நாள் அது. அதுவரை எல்லை தாண்டும் இணைப்பு என்றால் எத்தனை மெகாவாட் என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். நானும் அப்படித்தான் பெருமையோடு சொல்வேன். அன்றிலிருந்து நான் கேட்கும் கேள்வி வேறு: இது திடீரென்று நின்றால் வாங்குகிறவர் தாங்குவாரா? தருகிறவருக்கு அது ஒரு சிறு துடிப்பு. வாங்குகிறவருக்கு அது நாடு. ஆகவே இணைப்பின் அளவைத் தருகிறவரின் வசதி முடிவு செய்யக்கூடாது. வாங்குகிறவரின் தாங்குதிறன் முடிவு செய்ய வேண்டும். அந்த நாட்டில் உடனே கைகொடுக்கச் சுழன்றுகொண்டிருக்கும் இருப்பு எவ்வளவு, குறை அலைவெண் ரிலேக்கள் எப்படி அமைக்கப்பட்டிருக்கின்றன, விசையாழியின் வேகத்தைத் திருத்தும் கவர்னர்கள் தடையின்றி இயங்க விடப்பட்டிருக்கின்றனவா என்பதெல்லாம் அவர்கள் வீட்டு விவகாரம் என்று இந்தப் பக்கத்து எஞ்சினியர் ஒதுங்க முடியாது.

2018 செப்டம்பரில் பேராமாராவில் இரண்டாவது 500 மெகாவாட் பகுதி சேர்ந்தது. இரண்டும் தனித்தனிப் பகுதிகள் என்பதால் ஒன்று நின்றால் மற்றது நிற்கத் தேவையில்லை. வங்கதேசத்தின் தொகுப்பும் அதற்குள் வளர்ந்துவிட்டது. ஆனால் அதே கேள்வி வேறு உருவத்தில் திரும்ப வருகிறது. பத்மாவின் மறுகரையில் ரூப்பூரில் 1,200 மெகாவாட் வீதம் இரண்டு அணு உலைகள் கட்டியிருக்கிறார்கள். ஒரே உலை நின்றால் போகும் அளவு அது. அப்போது பக்கத்திலிருக்கும் பேராமாரா வழியாக இந்தியா நொடிகளில் கைகொடுக்க முடியுமா என்பதுதான் நாளைய டெஸ்பாட்ச் எஞ்சினியர்கள் இரண்டு பக்கமும் உட்கார்ந்து தீர்க்க வேண்டிய கணக்கு.

வடகிழக்கில் இன்னொரு வகை உறவைப் பார்த்தேன். திரிபுராவின் பாலாட்டானாவில் 726 மெகாவாட் எரிவாயு மின்நிலையம் கட்டியபோது, அதன் கனமான கருவிகளை மலைச்சாலையில் கொண்டுபோக வழியில்லை. வங்கதேசம் தன் ஆசுகஞ்ச் துறைமுகத்தையும் சாலையையும் திறந்துவிட்டது. அந்த வழி இல்லாமல் அந்த நிலையம் எழுந்திருக்காது. 2016 மார்ச் 23 முதல் அகர்தலா அருகிலுள்ள சூர்யமணிநகரிலிருந்து வங்கதேசத்தின் கொமில்லாவுக்கு 100 மெகாவாட் போனது. அதே நாளில் காக்ஸ் பஜாரின் கடலடி இணைய வடத்திலிருந்து அகர்தலாவுக்கு நொடிக்கு 10 கிகாபிட் இணையத் திறன் வந்தது. அங்கே நேர்மின் நிலையம் இல்லை. கொமில்லாவின் ஒரு பகுதியை வங்கதேசத் தொகுப்பிலிருந்து பிரித்து எங்கள் தாளத்தில் சேர்த்துவிட்டார்கள். கொமில்லாவின் அந்தத் தெருக்களில் மின்விசிறி இந்திய அலைவெண்ணில் சுழன்றது. வழி கொடுத்தார்கள், மின்சாரம் பெற்றார்கள். மின்சாரம் கொடுத்தோம், இணையம் பெற்றோம். யாரும் யாருக்கும் கீழே இல்லை.

மணிப்பூரின் மோரேவிலிருந்து மியான்மரின் தாமுவுக்குப் போகும் இணைப்பு மிகச் சிறியது: 11 கிலோவோல்ட், 3 மெகாவாட், 2016 ஏப்ரலில் தொடங்கியது. நம் ஊரில் ஒரு சிறுநகரத்து ஃபீடருக்குச் சமம். வேலையாக ஒருமுறை அங்கே போனபோது, எல்லைக் கடைத்தெருவில் தமிழ்ப் பேச்சுக் கேட்டு நின்றேன். 1960-களில் பர்மாவில் தொழில்கள் அரசுடைமையானபோது வெளியேறிய தமிழர்கள், மீண்டும் பர்மாவுக்கே நடந்துபோக முயன்று, எல்லையில் தடுக்கப்பட்டு மோரேயிலேயே தங்கிவிட்டார்கள். அங்காளபரமேசுவரிக்குக் கோயில் கட்டியிருக்கிறார்கள். இட்லி போட்டுத் தந்த ஆத்தாவிடம், தாமுவுக்கு நம் பக்கத்திலிருந்து மின்சாரம் போவதைச் சொன்னேன். “நல்லதுதான் தம்பி. அங்கிட்டு இருட்டாக் கெடந்தா இங்கிட்டு எங்க கடை ஓடும்?” என்றார். எல்லை தாண்டிய மின்வணிகம் பற்றி எத்தனையோ கருத்தரங்குகளில் உட்கார்ந்திருக்கிறேன். அந்த ஆத்தா சொன்ன காரணத்தைவிட உறுதியான காரணத்தை எங்கும் கேட்டதில்லை.

நேபாளத்தின் கதை எல்லாவற்றிலும் நீளமானது. பீகாரிலிருந்து போகும் பழைய 132 கிலோவோல்ட் தொடர்களில்தான் அவர்கள் வெகுகாலம் வாழ்ந்தார்கள். 2008 ஆகஸ்டில் கோசி ஆறு குஸாஹாவில் கரையை உடைத்துப் பாய்ந்தபோது கட்டையா வழியாகப் போன தொடரின் கோபுரங்களும் போயின. அந்தக் காலத்திலும் பின்னும் காத்மாண்டுவில் குளிர்காலத்தில் ஒரு நாளில் பதினாறு மணி நேரத்துக்கும் மேல் மின்வெட்டு. இமயத்தின் ஆறுகளை வைத்துக்கொண்டு இருட்டில் இருந்த நாடு அது.

பீகாரின் முசாபர்பூரிலிருந்து நேபாளத்தின் தல்கேபாருக்கு 400 கிலோவோல்ட்டுக்காகக் கட்டிய தொடரை, அந்தப் பக்கத்துத் துணைமின்நிலையம் முடியும்வரை காத்திருக்காமல், 2016 பிப்ரவரியில் 132 கிலோவோல்ட்டிலேயே மின்னூட்டினோம். தொடக்கத்தில் 80 மெகாவாட். 2018-இல் 220 கிலோவோல்ட். 2020-இல் முழு 400. படிப்படியாக ஏறிய அந்த வழி எனக்கு மிகவும் பிடித்த வழி. அவசரத்தில் இருக்கும் அண்டை நாட்டிடம் எல்லாம் முடிந்த பிறகு வா என்று சொல்லாமல், இருப்பதை இன்றைக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு பெரிதாக்குவது. நேபாள மின்வாரியத்தின் தலைமைக்குக் குல்மான் கிசிங் வந்த பிறகு காத்மாண்டுவின் மின்வெட்டு முடிவுக்கு வந்தது. அவருடைய நிர்வாகத்தோடு இந்தத் தொடரும் அதற்குத் துணை நின்றது என்பதில் எங்கள் ஷிப்ட்காரர்கள் அத்தனை பேருக்கும் மகிழ்ச்சி.

2021 நவம்பரில் திரிசூலி, தேவிகாட் நிலையங்களின் 39 மெகாவாட்டை நேபாளம் இந்திய மின்சந்தையில் முதன்முதலாக விற்றது. அளவில் அது ஒன்றுமே இல்லை. ஆனால் எங்களோடு பேசும் குரல் அன்றைக்கே மாறியது. அதுவரை ‘இன்னும் கொஞ்சம் கிடைக்குமா’ என்று கேட்டவர்கள், ‘நாளைக்கு எங்கள் அட்டவணை இது’ என்று சொல்லத் தொடங்கினார்கள். விற்கக்கூடிய நிலை ஒரு நாட்டின் முதுகை நிமிர்த்துகிறது.

இந்த நிமிர்வுக்கு நம் விதிகள் எப்போதும் இடம் கொடுத்தன என்று சொல்ல முடியாது. எல்லை தாண்டிய மின்வணிகத்துக்கு 2016 டிசம்பரில் நம் மின்அமைச்சகம் போட்ட வழிகாட்டு நெறிகள் குறுகலானவை. நேபாளமும் பூடானும் மனம் வருந்தின. இரண்டாண்டு கழித்து, 2018 டிசம்பரில், அவற்றை மாற்றி, இந்தியக் கம்பி வழியாக ஒரு நாடு மூன்றாம் நாட்டுக்கு விற்கலாம் என்று வழி திறந்தது. அப்படியும் நேபாளத்தின் மின்சாரம் வங்கதேசம் போய்ச் சேர 2024 நவம்பர் 15 வரை ஆயிற்று. 40 மெகாவாட், அதுவும் அந்த ஆண்டில் ஒரே நாள்; அடுத்த ஆண்டு ஜூன் நடுவிலிருந்துதான் மழைக்காலம் முழுவதும். கணக்கைச் சொன்னால் மிக எளிது. முசாபர்பூரில் நேபாளம் 40 தருகிறது. கம்பியில் கரைந்தது போக மீதியைப் பேராமாராவில் வங்கதேசம் எடுக்கிறது. இடையில் இந்தியத் தொகுப்பு சமன் செய்துகொள்கிறது. மென்பொருளில் ஒரு வரி கூடுதல். அந்த ஒரு வரிக்கு அத்தனை ஆண்டுகள். நான் அதற்குள் ஓய்வு பெற்றிருந்தேன். ஷிப்ட்டில் இருந்த இளைஞர் ஒருவர் அழைத்து, “சார், நேபாளம் டாக்கா போயிடுச்சு” என்றார். அன்று நான் நிறைவாக உறங்கினேன்.

இன்னும் சில கதவுகள் மூடியே இருக்கின்றன. சீன முதலீடோ சீன ஒப்பந்ததாரரோ தொடர்புள்ள நேபாள நிலையங்களின் மின்சாரத்தை இந்தியா வாங்குவதில்லை. பாதுகாப்புக் காரணங்களை நான் அறிவேன். அவற்றை எடைபோடுவது என் தொழில் இல்லை. ஆனால் வேறு சந்தைக்கு வேறு வழியே இல்லாத நாட்டிடம் நாம் வைக்கும் ஒவ்வொரு நிபந்தனையும் இருமடங்கு கனக்கும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். அதேபோல், ஜார்க்கண்டின் கோட்டாவில் வங்கதேசத்துக்காக மட்டும் கட்டிய 1,600 மெகாவாட் நிலையம் இருக்கிறது. பாக்கி சேர்ந்தால் அத்தகைய நிலையங்கள் இந்தியாவுக்குள்ளேயே விற்றுக்கொள்ளலாம் என்று 2024 ஆகஸ்டில் விதி மாறியது. விற்பவருக்குப் பணம் வர வேண்டும் என்பது நியாயமே. வாங்குபவருக்கு நாளைக்கும் மின்சாரம் வரும் என்ற நம்பிக்கை வேண்டும் என்பதும் அதே அளவு நியாயம். வங்கதேசத்தின் தேவை குளிர்காலத்தில் வெகுவாகத் தாழும். நேபாளம் அப்போதுதான் தவிக்கும். ஒருவழி ஒப்பந்தங்களை இருவழி ஆக்கினால் மூன்று நாட்டுக்கும் ஆதாயம்.

இவ்வளவையும் தமிழில் எழுதத் தோன்றியது இலங்கையை நினைத்து. மதுரையிலிருந்து கடல் கடந்து மன்னார் போய் இலங்கைத் தொகுப்பில் சேரும் நேர்மின் இணைப்பைப் பற்றிய ஆய்வுக்கு 2010-இல் ஒப்பந்தமானது. 2025 ஏப்ரலில் கொழும்பில் மீண்டும் கையெழுத்தாகியிருக்கிறது. அதே நாளில் திருகோணமலையை எரிசக்தி மையமாக்க இந்தியாவும் இலங்கையும் ஐக்கிய அரபு அமீரகமும் உடன்பட்டன. இந்த இணைப்பு நடக்க வேண்டும் என்று முழுமனதோடு விரும்புகிறேன். அதனாலேயே பேராமாராவை நினைவுபடுத்துகிறேன்.

இலங்கையின் தொகுப்பு சிறியது. உச்ச நேரத் தேவையே சுமார் மூவாயிரம் மெகாவாட்தான். நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் 300 மெகாவாட் அலகு ஒன்று நின்றாலே அங்கே ஆட்டம் காணும். 2025 பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறைத் துணைமின்நிலையத்தில் ஏற்பட்ட ஒரு கோளாறு நாடு முழுவதையும் இருட்டாக்கியது. விடுமுறை நாளின் குறைந்த தேவை, கூரைச் சூரியமின்சாரம் மிகுந்த நேரம், சுழலும் கனமான எந்திரங்கள் குறைவு. அத்தகைய ஒரு ஞாயிற்றுக்கிழமையில் 500 மெகாவாட்டை ஒரே துண்டாக அனுப்பினால், 2014-இல் வங்கதேசத்தில் நடந்ததைவிடக் கடுமையாக நடக்கும். இரண்டு துருவங்களாகப் பிரித்து, ஒன்று நின்றாலும் மற்றது தாங்கும்படி ஓட்ட வேண்டும். இறந்த வலையையும் எழுப்பவல்ல புதிய வகை மாற்றிகள் இப்போது உண்டு. விலை கூடினாலும் அவற்றைத்தான் போட வேண்டும். நள்ளிரவில் நாடு அணைந்தால் மதுரையிலிருந்து முதல் வெளிச்சம் போக முடிய வேண்டும்.

இந்த இணைப்புக்குக் காரணமாகப் பலரும் காற்றாலைகளைச் சொல்கிறார்கள். மன்னாரின் காற்றும் கயத்தாற்றின் காற்றும் ஒரே தென்மேற்குப் பருவக்காற்று. இரண்டும் ஒரே மாதங்களில் வீசும். கடிகாரமும் ஒன்றே என்பதால் மாலை உச்ச நேரமும் ஒன்றாகவே வரும். ஆகவே உபரி மின்வணிகம் மட்டும் இந்தக் கம்பிக்குப் போதிய காரணம் ஆகாது. அவசரத்துக்கு உதவும் இருப்பைப் பகிர்ந்துகொள்வதே இதன் முதல் பயன். ஒரு பெரிய தொகுப்பு பக்கத்தில் இருக்கிறது என்ற தெம்பில் இலங்கை தன் சூரியனையும் காற்றையும் அச்சமின்றிப் பெருக்கிக்கொள்ளலாம். எண்ணெய் எரிக்கும் செலவைக் குறைக்கலாம். அந்தத் தெம்பை மெகாவாட்டில் அளக்க முடியாது, ஆனால் டெஸ்பாட்ச் மேசையில் இருப்பவர்களுக்கு அதன் மதிப்புத் தெரியும்.

மதுரையிலும் கொழும்பிலும் அந்த மேசையில் நாளை உட்காரப்போகும் தம்பி தங்கைகளிடம் கேட்டுக்கொள்வது இதுதான். ஒப்பந்தம் கையெழுத்தான அன்றே இரண்டு கட்டுப்பாட்டு அறைகளுக்கும் நேரடித் தொலைபேசி போடுங்கள். கம்பி வருமுன் பழகுங்கள். தாலாக்காரர்கள் எங்களுக்குச் சொன்னதுபோல், விழப்போவதை விழுமுன் சொல்லுங்கள். இணைப்பின் அளவை இலங்கையின் மிக மெலிந்த நாளைக் கணக்கிட்டு வையுங்கள். தொடக்க நாளின் முதல் பிளாக்கில், சிறிதளவேனும், மன்னாரிலிருந்து மதுரைக்கு மின்சாரம் வரும்படி அட்டவணை போடுங்கள். 39 மெகாவாட் நேபாளத்துக்குச் செய்ததை அது இலங்கைக்கும் செய்யும். அண்டை நாடுகள் தங்களிடமுள்ளதை விற்கவும், ஒன்றுக்கொன்று அனுப்பிக்கொள்ளவும், விழுந்தால் எழவும் நம் கம்பி பயன்படுகிற அளவுக்கே நாம் மையம்.